மூச்சு வாங்கும் இடம்

ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார் என்றுதானே கதை தொடங்கும்? இந்த ராஜாவுக்கு ஊர் இல்லை. பதினாலு மாடிக் குடியிருப்பு ஒன்றுதான் ராஜ்ஜியம். செக்ரட்டரி என்பது பட்டம்.

அவர் வீட்டில் சமைக்கிறவள் அக்கா. அவரிடம் கெஞ்சிக் கூத்தாடித் தன் தம்பியை அங்கேயே லிஃப்ட் ஆளாகச் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

ஒருநாள் அந்தக் குடியிருப்பில் ஒரு டிரைவர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று லீவு கேட்டான். ஒரேயடியாக அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் வேலைக்கு வருகிறவர்கள் லிஃப்ட்டில் ஏதோ குசுகுசுப்பதாக செக்ரட்டரியின் காதுக்கு எட்டியது. லிஃப்ட்டில் கேமரா வைத்தார். வாசலில் வேலைக்காரர்கள் கூடி நிற்கக் கூடாது என்று போர்டு மாட்டினார். அப்படியும் மனசு ஆறவில்லை.

"என்ன பண்ணினா இவங்க வாயை அடைக்கலாம்?" என்று லிஃப்ட்டில் போகும்போது வாய்விட்டே புலம்பினார்.

"லிஃப்ட்டுல ஏத்தினாத்தானே சார் பேசுவாங்க?" என்றான் தம்பி. "படியில ஏற விடுங்க. பேசறதுக்கு மூச்சு இருக்காது."

செக்ரட்டரி அவன் தோளில் தட்டினார். "உனக்கு மூளை இருக்குடா!"

காய்கறிப் பையோடு மூலையில் நின்ற அக்கா தம்பியை முறைத்தாள்.

மறுநாள் காலை லிஃப்ட் வாசலில் தம்பி கையை நீட்டி மறித்தான். "படியில போங்க."

"டேய், நான்டா."

"யாரா இருந்தாலும் படிதான். ரூல்ஸ்."

"என் முட்டி வலி உனக்குத் தெரியாதாடா?"

அவன் கேமராவைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை.

"நல்லா இருடா ராசா" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. வீட்டில் தட்டில் சோறு விழும், சொல் விழாது.

ஏழாவது மாடி வருவதற்குள் யாராக இருந்தாலும் நாக்குத் தள்ளிவிடும். படி திரும்புகிற இடத்தில் எல்லோரும் பொத்தென்று உட்கார்ந்தார்கள். அடுத்த நாள் பார்த்தால், அதே இடத்தில் ஒரு பானைத் தண்ணீர். மேலே கவிழ்த்த டம்ளர். உட்காருவதற்கு அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்திருந்தது.

"யாரு வச்சது?" என்றாள் அக்கா.

"வேற யாரு? செக்ரட்டரிதான்!" என்றான் அவர் நாயைக் கூட்டிப்போகிறவன்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. நாய் லிஃப்ட்டுல போகுது, நான் படியில ஓடறேன். மேல போனா அது எனக்காகக் காத்துக்கிட்டு நிக்குது. இந்தக் கட்டடத்துல என்னை மனுஷனா மதிக்கிற ஒரே ஜீவன் அதுதான்."

மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். மூச்சு திரும்பியதும் பேச்சும் வந்தது.

"பத்தாம் மாடிக்காரி உன்னைவிடக் கம்மிக்கு வர்றா, வாயைத் திறக்காம வேலை பாக்கறான்னு எங்க வீட்டம்மா தினமும் பாட்டுப் பாடுது" என்றாள் பாத்திரம் தேய்க்கிறவள்.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இன்னொருத்தி டம்ளரை டக்கென்று கீழே வைத்தாள். "அடியே, பத்தாம் மாடிக்காரி நான்தான்! எங்க வீட்டம்மா உன்னைக் காட்டியில்ல என்னை அடக்கி வச்சிருக்கு!"

"ஒரே பொய்யை வீட்டுக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்காங்க போல" என்றாள் அக்கா.

பேச்சு அந்த டிரைவரிடம் போனது. அவன் பிள்ளைக்கு இப்போது எப்படி இருக்கிறது? ஒருவருக்கும் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அன்று சாயங்காலமே எல்லோருமாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை யாரும் மேலே போகவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றார்கள். நடுவில் அந்த டிரைவர்.

செக்ரட்டரி கலைந்த தலையோடு, நாயைத் தானே பிடித்துக்கொண்டு வந்தார். நாய் அவரை இழுத்துக்கொண்டு வந்தது என்றும் சொல்லலாம்.

"டிரைவரைத் திரும்ப எடுத்துக்கணும். ஒரே வேலைக்கு எல்லா வீட்டுலயும் ஒரே சம்பளம் வேணும். அதுவரைக்கும் உள்ள வரமாட்டோம்" என்றாள் அக்கா. இந்த வேலை போனால் வேறு வழி இல்லை அவளுக்கு.

"ஒருத்தர் பேரு ஒருத்தருக்குத் தெரியாம இருந்தீங்க! யாரு உங்களைச் சேர்த்து வச்சது?"

"நீங்கதான் சார். லிஃப்ட்டுல கேமரா வச்சீங்க. படிக்கட்டை மறந்துட்டீங்க."

"படிக்கட்டுல எந்த மனுஷன் போவான்?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

"டேய், லிஃப்ட்டை எடுடா! மேல போய் போலீஸுக்குப் போன் போடறேன்!"

தம்பி லிஃப்ட்டைப் பூட்டினான். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, தொப்பியைக் கழற்றியபடி வெளியே வந்து அக்காவின் பக்கத்தில் நின்றான்.

அவள் விலகிக்கொண்டாள். "இப்ப எதுக்குடா வந்தே? காத்து திசை மாறிடுச்சுன்னா?"

அவன் தொப்பியை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"நீயுமாடா?" செக்ரட்டரி அண்ணாந்து கட்டடத்தைப் பார்த்தார். "பதினாலு மாடி நான் எப்படிடா ஏறுவேன்?"

அந்த நேரம் பார்த்து நாயும் கயிற்றை உருவிக்கொண்டு தன் ஆளிடம் ஓடிவந்து வாலை ஆட்டியது.

செக்ரட்டரி தன்னந்தனியாகப் படிக்கட்டை நோக்கி நடந்தார்.

"சார்!" தம்பி பின்னாலிருந்து கூப்பிட்டான். "மெதுவா ஏறுங்க. ஏழாவது மாடியில மூச்சு வாங்கும், உட்காருங்க. பானையில இன்னிக்கும் தண்ணி மாத்தி வச்சிருக்கேன்."