முன் இடது டயரின் வேலைநிறுத்தம்

முதல் அநியாயம், ஜெர்மனியில் அந்தக் கார் கம்பெனி தொடங்கிய அன்றே நடந்தது. உழைத்தவர்கள் நூறு பேர். காரில் பொறித்தது முதலாளியின் பெயரை மட்டும். இரண்டாவது, போர்க்காலத்தில் கைதிகளைப் பட்டினி போட்டு வேலை வாங்கியது. மூன்றாவது, போர் முடிந்ததும் அதே பெயரைப் பளபளப்பாக்கி உலகத்துப் பணக்காரர்களுக்கெல்லாம் விற்றது.

இவற்றை அந்தக் கம்பெனிக் கார் ஒன்றின் முன் இடது டயர் மற்ற மூன்று டயர்களுக்கும் எடுத்துச் சொன்னது.

"தேயறது நாம, மரியாதை அந்தப் பெயருக்கு. நாளைக்குக் கடைத்தெரு வந்ததும் நாலு பேரும் காற்றை இறக்கிடுவோம். ஒருத்தர் இறங்கினா மாத்திடுவாங்க. நாலு பேரும் இறங்கினா, ஒரே ஒரு ஸ்டெப்னியை வச்சு என்ன பண்ணுவாங்க?"

மூன்றும் சத்தியம் செய்தன.

மறுநாள் கடைத்தெருவில் முன் இடது டயர் மட்டும் தரையோடு படுத்தது.

"என்ன ஆச்சு தோழர்களே?"

"கோபிக்காதீங்க தோழரே," என்றது பின் வலது. "தெருவே திரும்பிப் பார்க்குது. இந்தப் பெயரைச் சுமக்கிறோம்னு நினைச்சதும் இறங்க மனசு வரலை."

"தெரு உன்னையா பார்க்குது?"

ஸ்டெப்னி உருண்டு வந்தது.

டயர்களின் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர் ஜாக்கிதான். அது காரைத் தூக்கிப் பிடித்தபடியே, மூன்று டயர்களையும் ஸ்டெப்னியையும் சாட்சி வைத்து, வேலைநிறுத்தம் செய்தவர்களின் பட்டியலை முழுவதுமாக உரக்கப் படித்தது:

"முன் இடது."