அத்தனையும் தப்பு

"கொலை பண்ணினது சமையல்காரன்தான். இதுல என்ன சந்தேகம்?"

தம்பி மேசையைத் தட்டிச் சொன்னதும் நூலக மாடி ரூம்ல நாவலைப் பத்திப் பேசக் கூடியிருந்த எல்லாரும் ஒரே நேரத்துல பாய்ஞ்சாங்க.

"சமையல்காரனா? அவன்தான் பாதிக் கதையிலயே செத்துட்டானே!" நர்ஸம்மா நாற்காலியை விட்டே எழுந்துட்டாங்க.

"புத்தகத்தைப் படிச்சீங்களா, தலைக்கு வெச்சுப் படுத்தீங்களா?"ன்னார் போஸ்ட்மேன். தலையணை சைஸ் புத்தகம்தான். கேள்வி நியாயமானது.

அக்காவுக்கு முகத்தை எங்கே வெச்சுக்கிறதுன்னு தெரியலை. இவனை யார் வரச் சொன்னது? "மாமாவை நானே கார்ல கூட்டிட்டு வர்றேன்க்கா"ன்னு வந்தவன், கீழேயே நின்னிருக்கலாம். டிரைவிங் ஸ்கூல் நடத்துறவனுக்கு நாவலைப் பத்தி என்ன பேச்சு?

அவ வந்ததே புருஷனுக்காகத்தான். லிஃப்ட் மெக்கானிக். பக்கவாதம் வந்து, கை கால் ஓரளவு தேறிடுச்சு. பேச்சு மட்டும் குழறல். "பேசப் பேசத்தான் தெளியும். பேசாம விட்டா அப்படியே நின்னுடும்"னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டார். ஆனா ஒருநாள் கடையில சோப்பு கேட்டு, புரியாம கடைக்காரன் சிரிச்சதுல இருந்து மனுஷன் வாயைப் பூட்டிட்டார். வீட்லயும் தலையாட்டல்தான். அவர் உயிரா நினைச்ச துப்பறியும் நாவலைப் பத்திப் பேசறாங்கன்னு தெரிஞ்சதும், அங்கேயாவது வாயைத் திறப்பாரான்னு ஒரு நப்பாசை.

அவர் மூலையில உட்கார்ந்து கேட்டுக்கிட்டு மட்டும் இருந்தார்.

"எனக்குப் பிடிச்சுது. படிச்சுக்கிட்டே பஸ்ல நாலு ஸ்டாப் தாண்டிப் போயிட்டேன்"னாங்க நர்ஸம்மா.

"எனக்குப் பிடிக்கலை"ன்னார் கணக்கு வாத்தியார். "இழுவையோ இழுவை. பாதியை வெட்டி எறிஞ்சிருக்கலாம். கொலைகாரனைப் பிடிக்கறதுக்குள்ள எனக்கே வயசாயிடுச்சு."

"எனக்கும் அதான் சார்"னான் தம்பி. "அந்தக் கப்பல்ல..."

"எந்தக் கப்பல்? கதை நடக்கறது ஹோட்டல்லய்யா!"

"அப்படியா? சரி, அந்த இன்ஸ்பெக்டர், அவரோட பொண்டாட்டி..."

"இன்ஸ்பெக்டரே பொம்பளை!" போஸ்ட்மேன் தலையில அடிச்சுக்கிட்டார்.

அக்கா மேசைக்கு அடியில தம்பி தொடையைக் கிள்ளினா. அவன் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துக்கிட்டு, இன்னும் சத்தமாப் பேசினான்.

"எது எப்படியோ, அந்த லிஃப்ட் சீன் மட்டும் பிரமாதம். கயிறு அறுந்து, லிஃப்ட் எட்டாவது மாடியில இருந்து தொபுக்கடீர்னு விழுந்து, முதலாளி செத்தாரு பாருங்க..."

மூலையில நாற்காலி கிறீச்சுன்னுச்சு. மாமாவோட காதெல்லாம் சிவந்திருந்துச்சு.

"பி... பி... பிரேக்!"

ரூமே திரும்பிப் பார்த்துச்சு.

"பிரேக்... இருக்குடா! கயிறு அறுந்தா... விழாது. ரெண்டு பக்கக் கம்பியை... கவ்விக்கும்!"

"பிரேக்கைப் பத்தி எனக்கே பாடமா மாமா? ஊருக்கே சொல்லிக் குடுக்கறவன் நான்!"

"முட்டாள்! லிஃப்ட்... விழவே இல்ல! ஏறும்போதே... விஷம்! முதலாளிக்கு இல்ல... தங்க வந்தவனுக்கு! கொன்னது... மேனேஜர்! சமையல்காரன்... பார்த்துட்டான். அதான்... அவனையும்..."

"அப்படிச் சொல்லுங்கண்ணே!" நர்ஸம்மா கை தட்டினாங்க.

"அது சரி, அதைச் சொல்ல இத்தனை பக்கமா?"ன்னு வாத்தியார் நடுவுல நுழைஞ்சார். மாமா அவரையும் விடலை. வார்த்தை குழறுச்சு, எச்சில் தெறிச்சுது, பாதி புரியலை. யாரும் அதைக் கவனிக்கிற நிலைமையிலயும் இல்லை. எல்லாரும் கத்திக்கிட்டு இருந்தாங்க. நூலகர் மேலே வந்து "இது லைப்ரரிங்க"ன்னு கெஞ்சிட்டு, போற போக்குல "எனக்கும் அந்த மேனேஜர் மேல மொதல்ல இருந்தே சந்தேகம்தான்"னு சொல்லிட்டுப் போனார்.

கூட்டம் முடிஞ்சு தம்பி காரை எடுத்துட்டு வரப் போனான். வாசல் படியில அக்கா புருஷன் கையைப் பிடிச்சுக்கிட்டா. கண்ணு கலங்கியிருந்துச்சு. கோபமும் அடங்கலை.

"நீங்க பேசினீங்களே, அதுவே போதுங்க. ஆனா இவன் மானத்தை வாங்கிட்டான். ஒரு பக்கம்கூட புரட்டாம வந்து உளறி, உங்களையும் படபடக்க வெச்சு... அடுத்த வாரம் இவன் வேண்டாம். ஆட்டோவுல வருவோம்."

மாமா வேண்டாம்னு தலையாட்டினார். அப்புறம் தலையாட்டினது போதாதுன்னு தோணுச்சோ என்னவோ, வாயைத் திறந்தார்.

"அவன்... வரட்டும்."

"எதுக்கு? வாயைத் திறந்தா அத்தனையும் தப்பு!"

மாமா சிரிச்சார். நோய் வந்ததுக்கு அப்புறம் அவ பார்க்கற முதல் சிரிப்பு.

"அதான் சொல்றேன். நாவலைப் படிக்காதவனா இருந்தா... குருட்டாம்போக்குல... ஒண்ணாவது... சரியாச் சொல்லியிருப்பான்."