இருபத்து நான்காம் எண்

'ஜூன் 3: நேற்று ஒரு தவறு. படித்த புத்தகங்களின் பட்டியலில், கைக்குக் கிடைக்காத கடல் நாவலுக்கும் 24 என்று எண் போட்டுவிட்டேன். அதை அடித்து, காரணத்தைப் பக்கத்தில் எழுதினேன்.'

ஒரு வாரம் கழித்து, தோல் பதனிடும் கம்பெனியில் வேலை முடிந்து மாலை வகுப்புக்குப் போகும் வழியில், தொழிலாளர் சங்கத்து நூலகத்தில் நுழைந்த இளம்பரிதியின் மூக்குக்கு நேரே அதே நாவலை நீட்டினார் நூலகர் ராமலிங்கம்.

"மோந்து பாருடா! தோல் நாத்தம். உன் கம்பெனியவே புத்தகத்துல தடவிக் குடுத்துட்டுப் போயிருக்கே. கார்டை எடு, கிழிச்சிடறேன்."

இளம்பரிதி தன் கையை மோந்து பார்த்தான். இருக்கலாம் என்றுதான் தோன்றியது. கார்டு போனால் இந்த வருடப் பட்டியல் இருபத்து மூன்றோடு நின்றுவிடும்.

"இதை நான் எடுக்கவே இல்லையே சார்."

"பொய் வேறயா? படிச்சதெல்லாம் எழுதுவியே ஒரு நோட்டு, குடு!"

பிடுங்கி, உரக்கவே படித்தார். "இருபத்து நாலு, அடிச்சிருக்கு. காரணம்: புதுப் புத்தகம். முதலில் தான் படிக்க நூலகரே வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்..."

குரல் தேய்ந்தது.

"வீட்லயும் ஒரு தபா மோந்து பாருங்க சார்."

ராமலிங்கம், காலியாக இருந்த தேதிச் சீட்டில் முத்திரையை ஓங்கிக் குத்தி, நாவலைத் தள்ளிவிட்டார்.

'ஜூன் 10: 24 கிடைத்தது. நாளை முதல் தினமும் முப்பது பக்கம் படிக்க வேண்டும்.'