ஒரே மாதிரி இரண்டு வரிகள்

சிறுபான்மை மாணவர்களுக்கான தொற்றுநோய்த் தரவுப் பயிற்சி நடக்கிறது. ஜன்னலில் மங்கலாகப் பகல். கணினிகள் மெல்ல இரைகின்றன. இரட்டைச் சகோதரிகளின் திரையில் பெயரில்லாத நோயாளிகளின் பட்டியல். இரண்டு வரிகளில் ஒரே வயது, ஒரே வீட்டு எண், ஒரே நாளில் காய்ச்சல். "ஒரே ஆளை ரெண்டு தடவை ஏத்தியிருக்காங்க. ஒண்ணைத் தூக்கும்மா," என்கிறார் பயிற்சியாளர். "சார், இது எங்க வீடு. நாங்க ரெண்டு பேருதான் இது," என்கிறாள் மூத்தவள். "பேரே இல்லாத பட்டியல்ல உன்னைக் கண்டுபிடிச்சிட்டியா? கெட்டிக்காரிதான். அழி." வகுப்பு சிரிக்கிறது. அவள் விரல் அழிக்கும் விசைமேல் அப்படியே நிற்கிறது. "அக்கா, அதுல நான் எது?" இளையவள் கிசுகிசுக்கிறாள். பயிற்சியாளரின் கை குறுக்கே நீண்டு விசையைத் தட்டுகிறது. கீழ் வரிகளில் இருந்த நோயாளிகள் எல்லாரும் சத்தமில்லாமல் ஒரு படி மேலேறி அந்த இடத்தை மூடுகிறார்கள். இளையவள் தன் கழுத்தில் விரல் வைத்து நாடி பார்க்கிறாள்.