பிஸ்கட்டுக்கு வந்த டீச்சர்

"ஒண்ணு இந்தப் பூனை இருக்கணும், இல்லேன்னா இந்த சோபா இருக்கணும். ரெண்டையும் வெச்சுண்டு என்னால குடித்தனம் பண்ண முடியாது. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டு வேங்கடசுப்ரமணியன் ஆபீசுக்குக் கிளம்பிப் போனார்.

மாட்டுங்காவின் அந்த மூன்றாம் மாடி வீட்டில் அவர் மனைவி ஷ்ருதி அழாத குறையாக நின்றாள். தேக்கு சோபாவின் முதுகுத் துணி நார்நாராகத் தொங்கியது. கிழித்த மகராசன் பிஸ்கட் அதே சோபாவில் படுத்துக் காலை நக்கிக்கொண்டிருந்தது. பிள்ளை மாதிரி வளர்த்த பூனையை எங்கே கொண்டுபோய் விடுவது?

"வாயில்லா சீவன் மேடம். பழக்குனா பழகிரும்" என்றாள் வீட்டு வேலை செய்யும் பேராச்சி.

அதற்குத்தான் நெருளிலிருந்து சஃபீனா வந்தாள். பூனைகளுக்குப் பாடம் நடத்துவது அவள் தொழில். பம்பாயில் பிள்ளைக்குத்தான் ஸ்கூல் சீட் கிடைக்காது, பூனைக்கு டீச்சர் வீடு தேடி வருவார்.

"அதட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. அதோட மனசு உடைஞ்சிடும்" என்றாள் சஃபீனா. "இந்தக் கயிறு சுத்தின கட்டையை சோபா பக்கத்துல வைங்க. இதைக் கீறினா உடனே தின்ன ஏதாவது கொடுங்க. கூடவே ஆள் இருக்கணும்."

"எனக்குப் பொழுதன்னிக்கும் ஆபீஸ் கால் இருக்கே."

"நான் பாத்துக்கிடுதேன் மேடம்" என்றாள் பேராச்சி. ஆறு வருடமாக அந்த வீட்டில் தரையில் உட்கார்ந்து டீ குடிப்பவள். சோபாவில் உட்காரப் பூனைக்குத்தான் அனுமதி.

ஷ்ருதி லேப்டாப்போடு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹாலில் பேராச்சி பிஸ்கட்டோடு மல்லுக்கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கட்டை குத்துக்கல் மாதிரி நின்றது, ஒரு நகக்குறி இல்லை. சோபாவில் உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் எட்டிப் பார்த்தது.

"சோபாவே போகட்டும். பிஸ்கட்டை விட மாட்டேன்" என்று கணவனிடம் சண்டை போட்டு ஜெயித்தாள் ஷ்ருதி. பிறகு பெருந்தன்மையோடு திரும்பினாள். "பேராச்சி, இதை நீ எடுத்துண்டு போயிடறியா? பில்டிங் சொசைட்டிக்காரா கீழே போட விட மாட்டா."

"எங்க வீட்ல கால் நீட்டவே எடமில்ல மேடம்" என்று தயங்கினாள் பேராச்சி. "சரி, உங்களுக்காக எடுத்துக்கிடுதேன்."

அன்று சாயங்காலம் தாராவியில், டெம்போவிலிருந்து சோபாவைப் பட்டறைக்குள் இறக்கினான் அவள் புருஷன் சுயம்பு. பழைய சோபாவுக்குப் புதுத் துணி போட்டு விற்பவன். சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தான்.

"ஏட்டி, துணிதான் கிழிஞ்சிருக்கு. தேக்குல ஒரு கீறல் இல்ல. மரத்தை மட்டும் எப்படி விட்டுச்சு அந்தப் பூனை?"

"அது தானா எங்க விடும்?" என்றாள் பேராச்சி. "துணியைக் கீறுனா ஒரு நெத்திலிக் கருவாடு, மரத்தைத் தொட்டா அன்னைக்குக் கருவாடு கெடையாது."