போர்டில் இருந்த எண்

புதுவாயலில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அந்த முடி நடும் கிளினிக். அங்கே தன்னை யாருக்கும் அடையாளம் தெரியாது என்பதாலேயே மணவாளன் அதைத் தேர்ந்தெடுத்தார். வேறு பெயரில் பதிந்துவிட்டு, இப்போது சட்டையைக் கழற்றி மாட்டிக் குப்புறப் படுத்திருந்தார்.

பின்மண்டையில் மரத்துப்போகும் ஊசி ஏறிக்கொண்டே இருந்தது.

"எத்தனை ஊசி ஆச்சுப்பா?"

"எண்ணல சார். வலிக்காம இருந்தா சரிதான?" என்றான் டெக்னீஷியன் எட்வர்ட்.

காதுக்குள் ரீங்காரம் கேட்டது. நாக்கில் இரும்பை நக்கியது போல ஒரு சுவை. மருந்து அளவு மீறிவிட்டது என்று மணவாளனுக்குப் புரிந்துபோயிற்று.

"நிறுத்து. இதுக்கு மாத்து மருந்து வச்சிருக்கீங்களா?" நாக்கு குழறியது.

"அதெல்லாம் டாக்டருக்குத்தான் தெரியும் சார். அவரு போர்டுல பேர் போட்டுக்கச் சொன்னதோட சரி. மூஞ்சியக்கூட நாங்க பாத்ததில்ல."

மணவாளன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

எட்வர்ட் மிரண்டுபோனான். "ஜெனிபர், இன்னா பாத்துக்கினு நிக்கிற? டாக்டருக்குப் போன் போடு."

நர்ஸ் ஜெனிபர் போர்டைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள்.

ஆணியில் மாட்டியிருந்த மணவாளனின் சட்டைப் பையில் போன் அடிக்கத் தொடங்கியது.