பல்லைப் பிடுங்கிய அவசரம்

"பல்லெல்லாம் வேண்டாம். பிடுங்கிடும்மா."

பொம்மை செய்பவளின் கையில் இருந்த இடுக்கி அப்படியே நின்றது.

"சார், இது பல் இருந்த காலத்துப் பறவை!"

"இந்தக் காலத்துப் பறவையா மாத்திடு. ஒரு அலகு வை. சாயங்காலம் திறப்பு விழா."

"இன்னும் ஒரே மாசம்..."

"சாயங்காலம்!"

அவர் அருங்காட்சியகத்தின் காப்பாட்சியர். நாளையோடு ஓய்வு. ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர், 'அவசரம்'.

அவர் நகர்ந்ததும் டிக்கெட் கொடுப்பவர் குனிந்து கிசுகிசுத்தார். "போறதுக்குள்ள ஒரு போட்டோ வேணுமாம். அவர் வாயிலேயே பல் செட்டுதான். பறவைக்கு மட்டும் எதுக்குன்னு நினைச்சுட்டார்!"

வழிகாட்டிப் பெண் சிரிப்பை அடக்கினாள். "பாவம்க்கா நீங்க. இந்தப் பறவையை முடிச்சாத்தானே உங்களுக்கு வேலை நிரந்தரம்? அதையும் கெடுக்கறாரே."

பொம்மை செய்பவளுக்குப் பொறுக்கவில்லை. அவர் அறைக்கே போய்விட்டாள்.

"சார், பறவைங்க ஏன் பல்லை விட்டுச்சுன்னு பிள்ளைங்க கேட்டா என்ன சொல்றது? போட்டோவுக்கு நேரமாச்சுன்னா?"

அவர் கோபப்படவில்லை.

"முட்டைக்குள்ள பல் வளர ரொம்ப நாள் பிடிக்கும்மா. பல்லை விட்டா குஞ்சு சீக்கிரம் பொரிஞ்சுடும். முட்டையைத் தின்கிறவன் வர்றதுக்குள்ள வெளியே வந்துடும். சில ஆராய்ச்சியாளர்கள் அப்படித்தான் சொல்றாங்க."

"அதுலயும் அவசரம்தானா!" என்றார் வாசலில் காது கொடுத்திருந்த டிக்கெட்காரர்.

சாயங்காலம் அலகு ஏறியது. ரிப்பன் வெட்டியாயிற்று. போட்டோவும் எடுத்தாயிற்று.

"பறவை முடிஞ்சது. இன்னையிலிருந்து இவங்க நம்ம நிரந்தர ஊழியர்" என்று எல்லோர் முன்னாலும் அறிவித்தார் அவசரம். அவள் சரியாகச் சிரிக்கக்கூட இல்லை. பிடுங்கிய பற்கள் அவள் மேஜையில் ஒரு கிண்ணம் நிறையக் கிடந்தன.

மறுநாள் காலை புதிய காப்பாட்சியர் வந்தார். வந்த வேகத்தில் கூடத்தை ஒரு சுற்று சுற்றினார்.

"முடியாத வேலையை எல்லாம் நிறுத்தணும், அதைச் செய்யற ஆளையும் வீட்டுக்கு அனுப்பணும். போன வாரமே போன்ல சொன்னேனே சார். எங்கே அந்தப் பல் பறவை?"

பொம்மை செய்பவள் நிமிர்ந்து பழையவரைப் பார்த்தாள்.

அவர் நிதானமாகக் குடையை எடுத்துக்கொண்டார். அவரிடம் அவசரமே இல்லை.

"பல் பறவையா? இங்கே எல்லா முட்டையும் நேத்தே பொரிஞ்சாச்சு, சார்."